கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு வரப்புத் தகராறு

"சண்டை போடாத சிக்லிட் ஏதாவது உண்டாண்ணே?"

வீட்டில் மீன் வளர்க்கிறேன் என்று தெரிந்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கிடையாது மக்கா. ஏஞ்சல் மீனைப் பார்த்தால் கோயில் குளத்துத் தாமரை மாதிரி அசையாமல் நிற்கும். ஜோடி சேர்ந்து ஒரு இலையில் முட்டை ஒட்டட்டும், அப்புறம் அதன் பக்கத்தில் எந்த மீன் போகிறது என்று பாருங்கள். டிஸ்கஸ் இன்னும் நாசூக்கு. கூட்டத்தில் இளைத்தது எதுவோ அதைத் தீனிப் பக்கமே வரவிடாமல் விரட்டி, பட்டினி போட்டே சாகடிக்கும். இந்த இரண்டும் சிக்லிட் குடும்பம்தான் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. கடைக்காரர்கள் 'சிக்லிட்' என்று தனியாகப் பிரித்து வைத்திருப்பது மஞ்சளும் நீலமுமாகப் பாய்ந்துகொண்டிருக்கும் ஆப்பிரிக்க மலாவி ஏரிக் குட்டிகளை. அவற்றை நிறத்துக்காக வாங்கிப் போய், சில மாதம் கழித்து, "எல்லாத்தையும் ஒண்ணே ஒண்ணு கடிச்சுக் கொன்னுட்டு அண்ணே" என்று வருகிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு விஷயம். சிக்லிட் என்றால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த விலை கூடிய சாமான் என்று நினைக்க வேண்டாம். நாஞ்சில் நாட்டில் நாம் காலங்காலமாகச் சிக்லிட்டைப் பொரித்துத் தின்றுகொண்டிருக்கிறோம். கரிமீன் சிக்லிட். பள்ளத்தியும் சிக்லிட். இந்தியாவில் இயற்கையாகவே இருக்கிற சிக்லிட் வகைகள் மொத்தம் மூன்றுதான். மூன்றாவது கர்நாடகத்து மேற்குக் கரை ஆறுகளில் மட்டும் இருக்கிற ஒரு கரிமீன் வகை. மற்ற இரண்டும் நமக்குப் பக்கத்திலேயே கிடக்கின்றன. பழையாறு கடலில் போய் விழும் மணக்குடிக் காயலிலும், குழித்துறையாறு கடல் சேரும் தேங்காப்பட்டணத்துப் பக்கமும் கரிமீனுக்கு வலை போடாத வீடு குறைவு. கேரளம் 2010-இல் கரிமீனைத் தன் மாநில மீனாகவே அறிவித்துக்கொண்டது. இவற்றுக்கு மிக நெருங்கிய சொந்தக்காரர்கள் இருப்பது மடகாஸ்கரில். அந்தச் சொந்தம் கண்டங்கள் பிரிந்த காலத்துச் சொந்தமா, பிறகு கடல் தாண்டி வந்த சொந்தமா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

பள்ளத்தி உள்ளங்கையில் அடங்கும். மஞ்சள் உடம்பு, அதில் வரிசை வரிசையாகச் சிவப்புப் புள்ளி, விலாவில் ஒரு கருந்திட்டு. ஓடையில் துண்டு வைத்துப் பிடித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து வைத்த தலைமுறை நம்முடையது. வெளிநாட்டு மீன் புத்தகங்களில் அதற்கு 'ஆரஞ்சு குரோமைட்' என்று பெயர். காசு கொடுத்து வாங்கி வளர்க்கிறார்கள். சிக்லிட் சண்டையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் நான் மலாவிக்குப் போகச் சொல்ல மாட்டேன். ஒரு ஜோடி பள்ளத்தியை வைத்துப் பாருங்கள், எல்லாம் அதில் இருக்கிறது.

பள்ளத்தி ஜோடி சேர்ந்ததும் ஒரு ஓட்டையோ கல்லையோ தேர்ந்தெடுத்து வாயாலேயே சுத்தம் செய்யும். முட்டைகளை அதில் ஒட்டும். இரண்டும் மாறி மாறிச் செட்டையால் விசிறும். மணலில் சிறு குழிகள் பறித்து, பொரிந்த குஞ்சுகளை வாயில் கவ்விக் கொண்டுபோய் அதில் இடும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் தாய் தகப்பன் உடம்பில் உரசி, தோலின் மேல் ஊறும் வழுவழுப்பைக் கொத்தித் தின்னும். இவ்வளவு பாடுபடுகிற ஒரு மீன், பக்கத்தில் வருகிறவனை "வாங்க, இருங்க" என்றா சொல்லும்? பிள்ளை வளர்க்க இடம் வேண்டும். இடத்துக்கு எல்லை வேண்டும். எல்லைக்குக் காவல் வேண்டும். சிக்லிட்டின் சண்டை அவ்வளவுதான், குணக்கேடு ஒன்றுமில்லை.

நம் ஊரில் வயல் வைத்திருந்த குடும்பங்களுக்கு இது புதிதில்லை. வரப்பை ஒரு மண்வெட்டி அகலம் வெட்டிவிட்டான் என்று தொடங்குகிற தகராறு எவ்வளவு தூரம் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பல வருடம் பக்கத்துப் பக்கத்தில் விவசாயம் பார்த்த இரண்டு பேர், வரப்பு தெளிவாக இருக்கிறவரை, முறைத்துக்கொண்டாலும் அடித்துக்கொள்வதில்லை. புதிதாக நிலம் வாங்கி வந்தவன் இறங்கும்போதுதான் அளவுக்கயிறு வெளியே வரும். மீன்களும் அப்படியே. பழகின பக்கத்து வீட்டுக்காரனிடம் செட்டையை விரித்துக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும். புதிதாக வந்தவனைத்தான் உரித்து எடுக்கும். தொட்டிச் சண்டையைச் சமாளிப்பது என்றால் வரப்பு போட்டுக் கொடுப்பது.

சண்டையிலும் ஒரு முறை இருக்கிறது. முதலில் நிறம் ஏறும். பிறகு இரண்டும் பக்கவாட்டில் நின்று எல்லாச் செட்டைகளையும் விரித்துத் தன்னைப் பெரிதாகக் காட்டும். வாலை வீசித் தண்ணீரை எதிராளி மேல் தள்ளும். செவுளை விரிக்கும். அப்புறம்தான் வாயோடு வாய் கவ்வி இழுப்பு. பெரும்பாலும் கவ்வுவதற்கு முன்பே ஒருவன் நிறம் மங்கி, செட்டையை மடக்கி, விலகிப் போய்விடுவான். இயற்கையில் கதை அத்தோடு முடியும், ஏனென்றால் விலகிப் போக அங்கே இடம் உண்டு. இரண்டடித் தொட்டியில் தோற்றவன் எங்கே போவான்? கண்ணாடியில் முட்டி அங்கேயே நிற்பான். ஜெயித்தவன் கணக்கில் அவன் இன்னும் போகவில்லை. அதனால் அடி தொடரும். தொட்டியில் மீன் செத்துப்போவதற்குக் காரணம் மீனின் கோபத்தைவிட நாம் வாங்கின கண்ணாடியின் அளவுதான்.

ஆகவே அளவைப் பற்றி. உயரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். சிக்லிட் பார்ப்பது தரையை. இரண்டடி நீளம் ஓரடி அகலத் தொட்டிக்குத் தரை இரண்டு சதுர அடி. நாலடி நீளம் ஒன்றரை அடி அகலத் தொட்டிக்கு ஆறு சதுர அடி. நீளம் இரட்டித்தபோது தரை மூன்று மடங்கு ஆகிவிட்டது. ஒன்றரை அடி உயரமும் இருந்தால் இருநூற்று நாற்பது லிட்டர் பக்கம் தண்ணீர் பிடிக்கும். ஒரு ஜோடி பள்ளத்திக்கு இரண்டடித் தொட்டி போதும், அதோடு தடுப்பில்லாமல் வேறு எதையும் போடக்கூடாது. மலாவிக் கூட்டம் வேண்டும் என்றால் நாலடிக்குக் கீழே யோசிக்காதீர்கள். கரிமீனை அழகுக்காக வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அது நாற்பது சென்டிமீட்டர் வரை வளரக்கூடிய மீன். இரண்டு மூன்று மட்டும் போட்டால் ஒன்று மற்றவற்றை வதைக்கும். குட்டியாக ஆறேழு சேர்த்துப் போட்டால் கூட்டமாக ஓடும். கொஞ்சம் உப்புத்தண்ணீர் பிடிக்கும், புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பே போதும்.

இனி வரப்புக்கு வருகிறேன். தொட்டிக்குள் கல்லை அடுக்குகிறவர்கள் பெரும்பாலும் நடுவில் ஒரு அழகான குன்று கட்டுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும், காரியத்துக்கு உதவாது. ஒரு குன்று என்றால் ஒரு ராஜா. அந்த ராஜா அதன் உச்சியில் நின்று நாலு மூலையையும் பார்ப்பான். வலது ஓரம் ஒரு குவியல், இடது ஓரம் ஒரு குவியல், நடுவே இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ஒரு மறைப்பு என்று பிரித்து வையுங்கள். எதிராளி கண்ணில் படாவிட்டால் பாதிச் சண்டை இல்லை. குகைகள் மீன்களின் எண்ணிக்கையைவிடக் கூட இருக்கட்டும். ஒவ்வொரு குகைக்கும் இரண்டு வாசல் வேண்டும். ஒரு வாசல் மட்டும் உள்ள பொந்து, தோற்ற மீனுக்குப் பொறி.

இதற்குக் கடையில் போய் பிளாஸ்டிக் கோட்டை வாங்க வேண்டியதில்லை. பழைய வீடு இடிக்கிற இடத்தில் கூரை ஓடு கிடைக்கும், கழுவிச் சாய்த்து வைத்தால் அருமையான குகை. உடைந்த மண்பானை, பூந்தொட்டி, பிவிசி பைப் துண்டு எல்லாம் ஆகும். சிரட்டையும் ஆகும், நன்றாக அவித்துக் கறை இறக்கிய பிறகு. இல்லாவிட்டால் தொட்டி கட்டன்சாயா நிறத்துக்குப் போய்விடும். கனமான கல்லை மணல் மேல் வைக்காதீர்கள். சிக்லிட் அடியில் தோண்டும், கல் சரியும், கண்ணாடி போகும். அடிக்கண்ணாடியில் தெர்மோகோல் போட்டு, அதன் மேல் கல்லை உட்கார வைத்து, கடைசியில் மணல் போடுங்கள்.

மணல் என்றதும் ஒரு எச்சரிக்கை. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் தொட்டிக்குள் அழகாக இருக்கும் என்று அள்ளி வருகிறவர்கள் உண்டு. அது இல்மனைட்டும் கார்னெட்டும் மோனசைட்டும் கலந்த கனிம மணல், மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. வீட்டுக் கூடத்தில் வைக்க வேறு மணலா கிடைக்கவில்லை? பவளத்தையும் கொண்டுவர வேண்டாம். அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர், கன்னியாகுமரிக் கடைத்தெருவில் யாராவது ரகசியமாக எடுத்து நீட்டினாலும் வாங்காதீர்கள். மலாவி மீனுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பதற்காகத்தானே பவளம் தேடுகிறீர்கள்? நம் கடற்கரைச் சாப்பாட்டில் மிஞ்சுகிற சிப்பி ஓட்டை அவித்துக் கழுவி ஒரு வலைப்பையில் கட்டி ஃபில்டரில் போட்டால் அதே வேலையைச் செய்யும். மலையிலிருந்து இறங்கி வரும் நம் தண்ணீரில் பொதுவாகச் சுண்ணாம்பு குறைவு, மலாவி ஏரித் தண்ணீரோ காரத்தன்மை கூடியது. கடற்கரைப் பக்கக் கிணற்றுத் தண்ணீர் வேறு மாதிரி இருக்கும். ஒரு பிஹெச் சோதனைச் சாமான் வாங்கி உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தண்ணீருக்கும் சண்டைக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. விரட்டப்படுகிற மீன் வேகமாக மூச்சுவிடும், இளைக்கும். அது நிற்கிற தண்ணீரில் அம்மோனியாவும் கூடியிருந்தால் செவுள் வெந்துபோகும். பிஹெச் ஏற ஏற, வெப்பம் ஏற ஏற, அதே அளவு அம்மோனியா இன்னும் விஷமாகும். கடித்த இடத்தில் பஞ்சு மாதிரிப் பூஞ்சை பிடிப்பதும் அழுக்குத் தண்ணீரில்தான். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுவதைச் செய்யாதவர் சிக்லிட் சண்டையைப் பற்றிப் பேசவே கூடாது என்பது என் கட்சி. நகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினைப் போக்கிவிட்டு ஊற்றுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. மழை நாளில் குளிர்ந்த புதுத் தண்ணீரை நிறைய மாற்றினால் பல சிக்லிட்டுகளுக்கு முட்டையிடும் ஆசை வந்துவிடும். நேற்றுவரை சும்மா இருந்த ஜோடி மறுநாள் பாதித் தொட்டியைப் பட்டா போட்டுக்கொள்ளும். அதை நோய் என்று நினைத்து மருந்து ஊற்றாதீர்கள்.

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது.

கோன்ராட் லாரன்ஸ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாத்துக் குஞ்சுகள் பின்னால் ஓடுகிற படம் அவருடையது. 1973-இல் நோபல் பரிசு பெற்றார். 1963-இல் ஆக்கிரமிப்புக் குணம் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் சிக்லிட் வளர்ப்பு அனுபவம் ஒன்று வருகிறது. ஒரு ஜோடியைத் தனியாக ஒரு தொட்டியில் வைத்தால், சண்டைக்கு வேறு ஆள் இல்லாமல், ஆண் தன் பெண்ணையே அடிக்கத் தொடங்கும். பெரிய தொட்டியைக் கண்ணாடித் தடுப்பால் பிரித்து, பக்கத்தில் இன்னொரு ஜோடியை வைத்தால், ஆண்கள் இரண்டும் கண்ணாடி வழியாகவே ஒன்றையொன்று முறைத்துத் தீர்த்துக்கொள்ளும், குடும்பம் அமைதியாக நடக்கும். அந்தக் கண்ணாடியில் பாசி படர்ந்து எதிராளி தெரியாமல் போனால் வீட்டுக்குள் மறுபடி தகராறு. பாசியைச் சுரண்டிவிட்டால் சரியாகும்.

இது உண்மைதானா என்று சோதித்துப் பார்க்க ஆன் ராசா என்ற ஆய்வாளர் எடுத்துக்கொண்ட மீன் எது தெரியுமா? நம்ம பள்ளத்தி! 1969-இல் அந்த ஆய்வு வெளியானது. தன் இனத்தாரை யாரையும் பார்க்க முடியாமல் அடைக்கப்பட்ட ஜோடிகளில் இணைக்குள்ளேயே தாக்குதல் கூடியது, குஞ்சு வளர்ப்பும் கெட்டது. பக்கத்தில் வேறு பள்ளத்திகள் தெரிகிற ஜோடிகள் ஒழுங்காகக் குடும்பம் நடத்தின. லாரன்ஸ் இதற்குச் சொன்ன விளக்கம், அதாவது சண்டைக் குணம் உள்ளே அழுத்தமாய்ச் சேர்ந்துகொண்டே போகும், எங்காவது வெளியேறித்தான் ஆகும் என்பது, பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலரால் ஏற்கப்படவில்லை. அதிலும் மனிதர்களுக்கு அதை நீட்டியதைக் கடுமையாக எதிர்த்தார்கள், சரியாகவே எதிர்த்தார்கள். விளக்கம் எப்படியோ போகட்டும், கண்ணாடித் தடுப்பு வேலை செய்கிறது. என் பள்ளத்தித் தொட்டி நடுத்தடுப்புப் போட்டதுதான், இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஜோடி. விருந்துக்கு வருகிறவர்கள் தடுப்பைப் பார்த்து, "ஐயோ பாவம், பிரிச்சு வச்சிருக்கேளே" என்பார்கள். அவர்களுக்கு எப்படிச் சொல்வது, அந்தத் தடுப்பினால்தான் நாலும் உயிரோடு இருக்கின்றன என்று.

இலங்கையில் பள்ளத்தியையும் கரிமீனையும் ஆராய்ந்த வார்ட், வைமன் என்ற இருவர் 1970-களில் எழுதியவையும் சுவாரசியமானவை. பள்ளத்தி, கரிமீன் குட்டிகளின் உடம்பில் ஒட்டியிருப்பதைக் கொத்திச் சுத்தம் செய்துவிடும். அதே பள்ளத்தி, கரிமீன் முட்டையிட்டால் முட்டையையும் குஞ்சையும் திருடித் தின்னவும் வரும். நண்பனா எதிரியா என்று அங்கே ஒரே சொல்லில் பதில் இல்லை. இரண்டையும் ஒரே தொட்டியில் போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு: குட்டிப் பருவத்தில் போடலாம், கரிமீன் பெரிதானபின் பள்ளத்தியைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டியிருக்கும்.

மலாவிக்காரர்களுக்கு வேறு உத்தி. 'முபுனா' என்று சொல்லும் பாறை மீன்களை நான்கைந்து மட்டும் வைத்தால் ஒன்று மிஞ்சும் வரை சண்டை நடக்கும். நாலடித் தொட்டியில் பதினைந்து இருபது என்று கூட்டமாக வைத்தால், எந்த ஒரு மீனையும் தனியாகக் குறிவைக்க முடியாமல் அடி எல்லோருக்குமாகப் பிரிந்துவிடும். வகை ஒன்றுக்கு ஒரு ஆண், மூன்று நான்கு பெண். ஒரே நிறத்து ஆண்கள் இரண்டு வேண்டவே வேண்டாம். விக்டோரியா ஏரி மீன்களில் செய்த ஆய்வுகளில், ஆண்கள் தங்கள் நிறத்திலேயே இருக்கிற ஆணைத்தான் அதிகம் தாக்குகின்றன என்று கண்டிருக்கிறார்கள். அதனால் ஒன்று மஞ்சள், ஒன்று நீலம், ஒன்று பட்டை போட்டது என்று வாங்குங்கள். தீனியில் கீரை, ஸ்பைருலினா கூட இருக்கட்டும், புழுவைக் குறையுங்கள். அவை பாசி தின்னும் வயிறுகள். தீனியை ஒரே இடத்தில் கொட்டாமல் இரண்டு மூன்று இடத்தில் தூவினால் பெரியவனால் எல்லா இடத்தையும் காவல் காக்க முடியாது.

கூட்டமாக வைப்பதில் ஆபத்தும் உண்டு. அந்தத் தொட்டி மின்சாரத்தை நம்பி உயிர் வாழ்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்து நம் மாவட்டமே நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது ஞாபகம் இருக்கும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இல்லாமல் இருபது மலாவி வைக்காதீர்கள். இந்தக் கூட்ட உத்தியைப் பள்ளத்தி ஜோடியிடமோ, பெரிய அமெரிக்கச் சிக்லிட்டுகளிடமோ முயலவும் வேண்டாம். அது முபுனாவுக்கு மட்டும்.

புது மீன் விடும்போது என்ன செய்வது? விளக்கை அணைத்துவிட்டு, இரவில் விடுங்கள். ஒன்று விடுவதைவிட மூன்று நான்கு சேர்த்து விடுவது நல்லது. அதற்கு முன் கல்லையும் ஓட்டையும் இடம் மாற்றி அடுக்குங்கள். பழைய வரப்புகள் அழிந்தால் எல்லோரும் புதிதாக இடம் தேட வேண்டும், அந்தக் குழப்பத்தில் புதியவனுக்கும் ஒரு மூலை கிடைக்கும். முதலில் குடியேறியவனுக்கே ஜெயிக்கும் வாய்ப்பு அதிகம் என்பது சிக்லிட் உலகத்துச் சட்டம். அந்தச் சாதகத்தை நாம் அழிக்கிறோம், அவ்வளவுதான்.

எந்தச் சண்டையில் தலையிட வேண்டும், எதில் கூடாது? நான் பார்ப்பது ஒன்றுதான்: விரட்டல் எங்கே நிற்கிறது. தன் குகையிலிருந்து ஒரு முழம் விரட்டிவிட்டுத் திரும்பி வருகிறது என்றால் விட்டுவிடுங்கள், அது எல்லைக் காவல். தொட்டியின் கடைசி மூலை வரை போய், மேலேயும் கீழேயும் தேடித் தேடி அடிக்கிறது என்றால் அன்றைக்கே கை வைக்க வேண்டும். அடிபட்டது தீனிக்கு வராமல், நிறம் கறுத்து, செட்டையை ஒடுக்கி, மேல் மூலையில் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் நின்று வேகமாக மூச்சுவிடும். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு "நாளைக்குப் பார்ப்போம்" என்றால் நாளைக்குப் பார்ப்பது பிணம்.

பலர் அடிபட்டதை எடுத்து வேறு தொட்டியில் விட்டுவிட்டுத் திருப்தியடைவார்கள். காயம் பட்டிருந்தால் எடுக்கத்தான் வேண்டும். லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் கல்லுப்புப் போட்ட சுத்தமான தண்ணீரில் விட்டால் கிழிந்த செட்டை திரும்ப வளரும். ஆனால் ரவுடி அங்கேயே இருந்தால் அடுத்த ஆளைப் பிடித்துக்கொள்வான். எடுக்க வேண்டியது அவனையும்தான். காய்கறி வைக்கிற ஓட்டைக்கூடையை அதே தொட்டியில் மிதக்கவிட்டு, அதற்குள் அவனைச் சில நாள் அடையுங்கள். வெளியே மற்றவை அவன் இடத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். கல்லை மாற்றி அடுக்கி, பிறகு திறந்துவிட்டால் இப்போது அவன்தான் புது ஆள். பெரும்பாலும் அடங்கிவிடுவான். அடங்காத ஜென்மங்களும் உண்டு. அவற்றுக்குத் தனித் தொட்டிதான்.

மற்ற மீன்கள் இதையெல்லாம் சும்மா வேடிக்கை பார்க்கின்றன என்று எண்ணாதீர்கள். 2007-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வில், ஆப்பிரிக்கச் சிக்லிட் ஒன்றின் ஆண்கள் பிறர் சண்டையைக் கண்ணாடிக்கு இப்பாலிருந்து பார்த்தே யார் யாரைவிடப் பலசாலி என்று கணக்குப் போட்டுக்கொள்வதைக் காட்டினார்கள். முதலாமவன் இரண்டாமவனை அடித்தான், இரண்டாமவன் மூன்றாமவனை அடித்தான் என்று பார்த்தால், முதலாமவனும் மூன்றாமவனும் மோதியதையே பார்க்காமல் மூன்றாமவன் இளப்பம் என்று வேடிக்கை பார்க்கிற மீன் முடிவு செய்துகொள்கிறது. ஒருமுறை தோற்ற மீனை எல்லோரும் சேர்ந்து மிதிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தோற்றது தேறும்வரை அதைக் கூட்டத்தின் கண்ணிலிருந்து மறைத்து வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஃபிளவர்ஹார்னைப் பற்றி எழுதாமல் விட்டால் கேட்பார்கள். 1990-களின் கடைசியில் மலேசியாவில் உருவாக்கிய கலப்பினச் சிக்லிட் அது. தலையில் புடைப்பு, உடம்பில் எழுத்து மாதிரிக் கருந்திட்டு, அதிர்ஷ்டம் வரும் என்று வாஸ்து விற்பனை. அதற்குத் துணை தேடாதீர்கள். தனியாக, பெரிய தொட்டியில், அதுவும் நீங்களுமாக இருந்துகொள்ளுங்கள். உற்சாகமாக இருக்கட்டும் என்று தினமும் கண்ணாடி காட்டிச் சண்டைக்கு இழுக்கிறவர்கள் உண்டு. ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் அது வேடிக்கையில்லை, வதை. கண்ணாடிக்குள் இருக்கிறவன் ஒருநாளும் தோற்று விலகுவதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இதற்காகத்தான் இவ்வளவு நீட்டினேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். அடக்க முடியாத மீனை என்ன செய்வது என்று தெரியாமல், பாவம் பிழைத்துப் போகட்டும் என்று குளத்தில் கொண்டு விடுகிறார்கள். செய்யாதீர்கள். சிலேபிக் கெண்டை என்று நாம் சொல்கிற திலாப்பியாவும் ஆப்பிரிக்கச் சிக்லிட்தான். 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தார்கள். இன்று அது இல்லாத குளம் எங்கே இருக்கிறது? சுசீந்திரம்–தேரூர்க் குளங்களும் வேம்பனூர்க் குளமும் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்தவை. நம் கால்வாய்கள் ஒரு குளத்தை இன்னொரு குளத்தோடு கோத்து வைத்திருக்கின்றன, ஒன்றில் விட்டது ஒன்றோடு நிற்காது. அங்கே பள்ளத்தி தன் குழியைத் தானே காத்துக்கொண்டு கிடக்கிறது, அதற்கு மேலும் ஒரு ரவுடியை அனுப்ப வேண்டாம். வாங்கின கடையில் திருப்பிக் கொடுங்கள், பல கடைகள் எடுத்துக்கொள்ளும். இல்லை, பெரிய தொட்டி வைத்திருக்கிற யாரிடமாவது கொடுங்கள். அதுவும் முடியாது என்றால் அந்த மீனைக் குட்டியாக இருக்கும்போதே வாங்காதீர்கள்.